ஐந்தையும் இடிக்காமல் முடியுங்கள்

நேற்று இரவு பத்தே முக்கால் மணிக்கு, நான் ஆடும் கார்ப் பந்தய வீடியோ கேமில் இந்த வாரத்தின் நான்காவது பந்தயத்தை முடித்துவிட்டு டிவியை அணைத்தேன். ஐந்தாவது பாக்கி இருக்கிறது. அதை ஓட்டுவதற்கு முன்னால், மூன்று வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமான பதிவு. வீடியோ கேமில் நாட்டம் இல்லாதவர்களும் படிக்கலாம்; இதில் பாதி நம் ஊர்ச் சாலையைப் பற்றிய பேச்சுதான்.

நான் பாளையங்கோட்டையில் 17 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எனக்கு எப்போதும் இடது பக்க இருக்கை. அந்தப் பக்கம் எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். தொழில் படித்தது மாருதி 800 வண்டியில். 796 சிசி, மூன்று சிலிண்டர். கியர் தவறாக விழுந்தால் உடம்பெல்லாம் குலுங்கிச் சொல்லிக்கொடுக்கும் வண்டி. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் வலது பக்கத்துக்கு மாறுகிறேன். அப்போது என் வண்டி கிரான் டூரிஸ்மோ 7.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கசுநோரி யமௌச்சி என்பவரின் தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம் செய்யும் ஆட்டம் இது. முதல் ஆட்டம் 1997 டிசம்பரில் வந்தது. ஏழாவது 2022 மார்ச்சில். நிஜ வண்டி எப்படி எடையை முன்னும் பின்னும் சாய்க்குமோ, டயர் எப்போது பிடியை விடுமோ, அதையெல்லாம் கணக்கிட்டுக் கையில் உணரவைக்கும். 2023 நவம்பரில் வந்த பெரிய அப்டேட்டில் வாரச் சவால் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். ஆட்டத்தில் கிடக்கும் நூற்றுக்கணக்கான பந்தயங்களிலிருந்து வாரத்துக்கு ஐந்தை எடுத்து முன்னால் வைப்பார்கள். ஒன்று முடித்தால் ஒரு பரிசு, மூன்று முடித்தால் இன்னொன்று, ஐந்தும் முடித்தால் பெரியது. ஒன்றில் ஜப்பான் வண்டி மட்டும், இன்னொன்றில் மண் தரை, மற்றொன்றில் பின்சக்கரம் இழுக்கும் அமெரிக்க வண்டி என்று வாராவாரம் முகம் மாறும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்த மாறுதல்தான். இஷ்டத்துக்கு விட்டால் யாரும் தனக்குப் பிடித்த ஒரே வண்டியில், கைக்கு அடங்கிய ஒரே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வாரச் சவால் வந்த பிறகுதான் தொடாத வண்டிகளைத் தொட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனும் இதே ஆட்டம் ஆடுகிறான். வாரச் சவால் வந்த அன்றைக்கே ஐந்தையும் முடித்துவிட்டு எனக்குப் போன் செய்வான். "மாமா, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது" என்பான். எனக்கு மூன்று, நான்கு இரவுகள் ஆகும். எப்படி முடிக்கிறான் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கே போனேன்.

சுசுகாவில் ஒரு பந்தயம். சுசுகா 1962-இல் ஹோண்டா நிறுவனம் தன் வண்டிகளைச் சோதிக்கக் கட்டிய பாதை, சுற்றுக்கு 5.807 கிலோமீட்டர். 8 போட்டதுபோல் ஒரு இடத்தில் பாதை தன்மேலேயே பாலமாக ஏறிக் கடக்கும். பைக் லைசென்சுக்கு 8 போடச் சொல்லிப் பார்த்தே என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது, அதனால் எனக்கு அந்தப் பாதையின் மேல் தனிப் பாசம். முதல் வளைவு தாண்டியதும் எஸ் வளைவுகள் வரிசையாக வரும். முதல் எஸ்ஸில் ஒரு முழம் அகலமாகப் போய்விட்டால் அடுத்தடுத்த வளைவுகளிலும் கணக்குத் தவறிக்கொண்டே போகும். அவ்வளவு நுணுக்கமான பாதை.

அங்கே மருமகன் செய்தது என்ன? மற்ற வண்டிகளைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள வண்டியை எடுத்தான். ஆட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் பி.பி. என்று ஒரு திறன் மதிப்பெண் வைத்திருக்கிறது. பல பந்தயங்களில் அது பரிந்துரை மட்டுமே, தாண்டினாலும் தடுக்காது. கடைசி இடத்தில் தொடங்கினான். நேர்ப்பாதையில் நான்கு பேரைத் தாண்டினான். 130ஆர் என்ற வேகமான இடது வளைவைக் கடந்ததும் வலது, இடது என்று உடைந்து திரும்பும் குறுகலான இடம் வரும். நன்றாகப் பிரேக் போட வேண்டிய இடம் அதுதான். அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்னால் போன வண்டியின் பின்பக்கத்தில் போய் மோதினான். அது சுழன்று மண்ணில் விழுந்தது, இவன் வேகம் அளவாகக் குறைந்து வளைவில் திரும்பிப் போனான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே வேலை. அடுத்தவன் வண்டியைத் தன் பிரேக்காக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படி?" என்று கேட்டேன். "அவையெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வண்டிதானே மாமா, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சி காபி கொண்டுவந்தாள், பேச்சு மாறிவிட்டது.

பதில் அன்றைக்கு மாலையே கிடைத்தது. என்னை வீட்டில் விட அவனே காரை எடுத்தான். லைசென்சு வாங்கி எட்டு மாதம் ஆகிறது, நான்தான் கற்றுக்கொடுத்தேன். வண்ணார்பேட்டை பக்கம் நல்ல நெரிசல். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற ஒதுங்கியது. இவன் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒதுங்கிவிடுவான் என்ற நம்பிக்கையில் மூக்கை நுழைத்தான். ஒரு சாண் இடைவெளி. ஆட்டோவின் பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இடது பாதம் தன்னாலே எழுந்து இல்லாத பிரேக்கைத் தரை மிதியோடு சேர்த்து அழுத்தியது. அது பயிற்சிக் கார் இல்லை, என் பக்கம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது.

கேம் ஆடி அவன் கெட்டுப்போனான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்குப் பழைய சண்டையே உண்டு. கேம் பெட்டியைத் தூக்கிப் போடு என்று அத்தான் கத்துகிறார், அது தவறு. 2008-இல் இதே கிரான் டூரிஸ்மோ போட்டியில் ஜெயித்துப் பந்தய ஓட்டுநரானவர் ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோன்யெஸ். 2011-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் அவருடைய அணி இரண்டாம் இடம் பிடித்தது. அறையில் உட்கார்ந்து பழகியது நிஜ வண்டியில் கைகொடுத்தது என்பதற்கு அவர் ஒருவரே போதும். நம் பக்கத்துப் பையன்களை நினைத்துப் பாருங்கள். கார்ப் பந்தயப் பாதை என்றால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, இல்லாவிட்டால் கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே. முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோவையிலிருந்து வந்தார். நெல்லைப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பாதையும் இல்லை. அவனுக்கு இந்த ஆட்டம்தான் இருக்கிறது. அதனால்தான் அதை ஒழுங்காக ஓட்ட வேண்டும் என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

கால் எதைப் பழகுகிறதோ அதைத்தான் அவசரத்தில் செய்யும். 17 வருடம் இடது பக்கம் உட்கார்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். அவன் காலோ சுசுகாவில் நூறு தடவை பிரேக் போடாமல் தப்பித்திருக்கிறது.

இடிக்கக் கூடாது என்பது யாருக்கும் தானாக வருவதில்லை. சோனி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தின் முந்தைய பதிப்பான கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் ஓட்ட சோஃபி என்ற செயற்கை நுண்ணறிவு ஓட்டுநரை உருவாக்கினார்கள். 2022 பிப்ரவரியில் நேச்சர் அறிவியல் இதழில் அந்த ஆய்வு வந்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை எதிர்த்து அது ஓடியது. 2021 ஜூலையில் அணியாகத் தோற்றது, அக்டோபரில் ஜெயித்தது. வேகமாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. மோதினால் மதிப்பெண்ணைக் குறைத்து, பக்கத்து வண்டிக்கு இடம் விட்டு ஓட்டும் மரியாதையையும் அதற்குத் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. ஒரு எந்திரத்துக்கே அதை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

வாரச் சவாலையே அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. நான் ஓட்டும் முறையைச் சொல்கிறேன். எதிரிகளின் பி.பி. எவ்வளவோ அதை ஒட்டியே என் வண்டியையும் வைப்பேன். சக்தி அதிகமாக இருந்தால் ஆட்டத்திலேயே அதைக் குறைக்கும் பாகம் இருக்கிறது, எடை ஏற்றவும் வழி இருக்கிறது. டயரும் மற்றவர்களுக்கு ஈடாகத்தான்; அவர்கள் சாதாரண சாலை டயரில் ஓடும்போது நான் பந்தய டயர் மாட்ட மாட்டேன். யாரையாவது தட்டிவிட்டால் அந்தப் பந்தயம் என் கணக்கில் சேராது, மறுபடி ஓட்டுவேன். இடிக்காமல் முடித்தால் ஆட்டமும் கூடுதல் பணம் தருகிறது. பணத்தைவிட, முடிந்ததும் திரையில் அந்த வரி வரும்போது கிடைக்கும் நிம்மதி எனக்குப் பெரிது.

ஒரு வாரம் கெய் வண்டிகள் வந்தன. ஜப்பானில் வரிச்சலுகைக்காகச் செய்யும் குட்டிக் கார்கள். எஞ்சின் 660 சிசியைத் தாண்டக் கூடாது. என் கொட்டகையில் இருந்தது 1991 ஹோண்டா பீட். 656 சிசி, மூன்று சிலிண்டர், 64 குதிரைத்திறன், எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். பழைய மாருதியின் சித்தப்பா மகன்போல் எனக்குத் தோன்றியது. முதல் முயற்சியில் ஏழாவது, இரண்டாவதிலும் ஏழாவது. மூன்றாவது முறை ஆறாக வரும்போது மின்சாரம் போய்விட்டது. பந்தயத்தின் நடுவில் சேமித்துவைக்க வழி கிடையாது; எல்லாம் முதலிலிருந்து.

மறுநாள் அந்த வண்டியைத் தனியாக த்சுகுபா பாதைக்குக் கொண்டுபோனேன். 2.045 கிலோமீட்டர்தான் சுற்று. அதன் கடைசி வளைவு வலது பக்கமாக நீண்டுகொண்டே போய் நேர்ப்பாதையில் விடும். அங்கேதான் எனக்குப் புரிந்தது. 64 குதிரை வண்டியில் தேவைக்கு ஒரு இம்மி அதிகமாகப் பிரேக் போட்டாலும் போன வேகம் திரும்பி வராது. அந்தத் தவறை நேர்ப்பாதை முழுக்கச் சுமந்து போக வேண்டும். கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் இடது விசைதான் பிரேக். அழுத்த அழுத்த விரலை எதிர்த்துத் தள்ளும். டயர் பூட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் விரல் நுனியில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கம் வருவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி, திருப்பத் திருப்ப விரலை மெல்ல எடுக்க வேண்டும். சட்டென்று விட்டால் முன்பக்கம் இலேசாகி வண்டி வெளியே போகும். இருபது சுற்று அதை மட்டுமே பழகினேன்.

நெல்லையப்பர் ஆனித் தேர் ரத வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது இலகுவாகப் பிடிபடும். வடம் பிடித்த கூட்டம் இழுத்துக்கொண்டே இருக்கும்; ஆனால் தேர் திரும்புவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவரின் கையில் இருக்கிறது. அவர் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முனைக்கு முன்னாலேயே வேகத்தை வாங்கி, திரும்பிய பிறகுதான் தேரை விடுவார்.

அந்த வாரப் பந்தயத்துக்குத் திரும்பினேன். முன்வண்டியை ஒட்டி, ஆனால் தொடாமல், அதன் காற்று மறைவில் போனேன். ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு லாரி பின்னால் ஒண்டிக்கொண்டால் மிதி இலேசாகும். நேர்ப்பாதையில் விலகித் தாண்டினேன். கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு அரை விநாடி. கடைசி வளைவில் உள்பக்கம் இடம் இருந்தது, ஆனால் போனால் உரசும். போகவில்லை. இரண்டாவதாக வந்தேன். மறுநாள் திரும்பவும் ஓட்டி ஒருவரையும் தொடாமல் ஜெயித்தேன். இத்தனை வருடத்தில் ஐநூறு குதிரை வண்டியில் ஜெயித்த எதுவும் எனக்கு இவ்வளவு நினைவில் இல்லை. பரிசாக வந்த குலுக்கல் டிக்கெட்டைத் திறந்ததில் சிறிய தொகைதான் விழுந்தது. அதனால் என்ன?

இதையெல்லாம் மருமகனிடம் போன வாரம் சொன்னேன். ஆட்டோவில் இருந்த பெண் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். அவன் அவளைக் கவனிக்கவே இல்லை என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி மாமா, இந்த வாரம் உங்கள் கணக்கிலேயே ஓட்டிப் பார்க்கிறேன்" என்றான்.

முந்தாநாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. குரலில் எரிச்சல். "மாமா, இரண்டு மணி நேரமாக ஒரே பந்தயம். நாலாவது இடத்துக்கு மேல் ஏற முடியவில்லை. அந்தக் குறுகலான வளைவில் எங்கே பிரேக் போடுகிறீர்கள்?" என்றான். ஓரத்தில் இருக்கும் தூரப் பலகையைச் சொன்னேன். அதைத் தாண்டிப் போடாதே, முதலில் அதற்கும் முன்னாலேயே போட்டுப் பார் என்றேன். பின்னால் அக்கா தூங்கச் சொல்லிச் சத்தம் போடுவது கேட்டது. ஒரே ஒரு தடவை என்று சொல்லி வைத்துவிட்டான்.

முடித்தானா என்று இன்னும் தெரியவில்லை. எனக்கும் ஐந்தாவது பாக்கி இருக்கிறது. மழை பெய்து நனைந்த பாதையாம். எட்டரைக்குப் பயிற்சி முடிகிறது, சாப்பிட்டுவிட்டு ஓட்டப் போகிறேன்.