சித்தப்பாவின் பிறந்த நாள்கள்

(சித்தப்பாவின் மின்னஞ்சல் கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. மடிக்கணினியின் கேமரா மீது கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அந்த டேப்பின் மீது நம்பிக்கை இல்லாமல் இன்னொரு டேப். அண்ணன் மகள் நித்யா உதவிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.)

நித்யா: பிறந்த தேதி கேட்கிறது, சித்தப்பா. சொல்லுங்கள்.

சித்தப்பா: எந்தப் பிறந்த தேதி?

நித்யா: உங்களுக்கு எத்தனை இருக்கிறது?

சித்தப்பா: நிஜம் ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுத்ததில்லை. மின்னஞ்சலுக்கு ஒரு தேதி, பாட்டுச் செயலிக்கு ஒரு தேதி, வானிலைச் செயலிக்கு வேறு ஒன்று. மழை வருமா வராதா என்று சொல்ல என் பிறந்த தேதி எதற்கு? நான் பிறந்த அன்று பெய்ததையா சொல்லப்போகிறது?

நித்யா: மின்னஞ்சலுக்குக் கொடுத்தது எது?

சித்தப்பா: முதலில் பிப்ரவரி 30 கொடுத்தேன். ஏற்கவில்லை. சரி, போய்த் தொலை என்று ஒரு நாள் குறைத்துக்கொண்டேன்.

நித்யா: வருடம்?

சித்தப்பா: பட்டியலை ஒரே தள்ளாகத் தள்ளினேன். 1904இல் போய் நின்றது.

நித்யா: அப்படியானால் உங்களுக்கு நூற்றிருபது வயது தாண்டிவிட்டது!

சித்தப்பா: ஓஹோ, அதனால்தான் எனக்குச் சக்கர நாற்காலி விளம்பரமாக வருகிறதா?

(29-02-1904 ஏற்கப்படுகிறது. இவ்வளவு வயதானவர் கடவுச்சொல்லை மறந்ததில் கணினிக்கு எந்த வியப்பும் இல்லை.)

நித்யா: அடுத்த கேள்வி. உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர். இது எனக்கே தெரியும். மணி!

சித்தப்பா: உனக்கு மட்டுமா தெரியும்? அந்தப் பழைய படத்தை எடுத்து, 'எங்கள் சித்தப்பாவும் அவருடைய முதல் நாய் மணியும்' என்று உலகத்துக்கே அறிவித்தவள் நீதானே? நான் உண்மையான பதிலைக் கொடுத்திருந்தால், என் கணக்கைத் தாம்பாளத்தில் வைத்துத் திருடனிடம் நீட்டியிருப்பாய்.

நித்யா: உங்கள் அஞ்சலைத் திருடி யார் என்ன செய்யப்போகிறார்கள்?

சித்தப்பா: 2008இல் அமெரிக்காவில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ அஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். பூட்டை உடைத்தா நுழைந்தான்? பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்ற கேள்வி, அவ்வளவுதான். விடை எல்லாம் இணையத்திலேயே கிடந்தது. அந்த அம்மாள் செய்த ஒரே தவறு, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னது.

நித்யா: அவர் பெரிய தலைவர். நீங்கள்?

சித்தப்பா: என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு எங்கே வந்து விழும்? இந்த அஞ்சலில்தான். ஒரு சாவி போனால் சாவிக்கொத்தே போயிற்று.

(நித்யா வாயை மூடிக்கொள்கிறாள். இந்த விஷயத்தில் சித்தப்பா சொல்வது முழுக்கச் சரி. அவரோடு வாதாடுவதில் உள்ள சங்கடமே அதுதான்.)

நித்யா: பொய் சொன்னது புத்திசாலித்தனம். என்ன பொய் சொன்னீர்கள்?

சித்தப்பா: திமிங்கலம் என்று போட்டுப் பார்.

நித்யா: தவறாம். இன்னும் ஒரு முறைதான் பாக்கி. எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

சித்தப்பா: எழுதி வைப்பதா? 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், பலரும் பகிர்ந்துகொண்ட கணினியில் தமக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று எல்லாருடைய கடவுச்சொற்களையும் மொத்தமாக அச்சடித்து எடுத்துக்கொண்டார். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஷெர் வருவார்.

நித்யா: அது திறந்து கிடந்த பட்டியல். இப்போது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கவே செயலிகள் இருக்கின்றன. ஒரே ஒரு நீளமான கடவுச்சொல் நினைவிருந்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். இணையத் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவைத் திறக்கும் திருடனுக்கு உங்கள் நாயின் பெயர் தேவைப்படாது.

சித்தப்பா: நோட்டு இருக்கிறதே.

நித்யா: அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

சித்தப்பா: பீரோவுக்கு அடியில். இருட்டாக இருக்கும்.

(நித்யா தன் தொலைபேசியில் டார்ச் செயலி ஒன்றை இறக்குகிறாள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, இருப்பிடத்தை அறியலாமா என்று அது கேட்கக் கேட்க, படிக்காமலேயே 'அனுமதி', 'அனுமதி' என்று தட்டிக்கொண்டு போகிறாள்.)

சித்தப்பா: நிறுத்து, நிறுத்து! விளக்கு எரிய உன் தோழிகளின் எண் எதற்கு? 2013இல் ஒரு டார்ச் செயலி, வைத்திருப்பவர்கள் இருக்கும் இடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. அந்தத் தொலைபேசியிலேயே விளக்கு இருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்துப் பார்.

நித்யா: அட, ஆமாம்!

(நோட்டு கிடைக்கிறது. ஒட்டடையைத் தட்டிவிட்டுப் புரட்டுகிறாள்.)

நித்யா: இதோ இருக்கிறது. 'வளர்ப்புப் பிராணி: யானை.' போட்டுவிடட்டுமா?

சித்தப்பா: போட்டுவிடாதே! நோட்டிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன். யாராவது எடுத்துவிட்டால்?

நித்யா: (தலையில் கை வைத்துக்கொண்டு) அந்தப் பொய்க்கு ஏதாவது கணக்கு உண்டா?

சித்தப்பா: உண்டு. பெரியதை எழுதியிருந்தால் சிறியது. யானை என்றால்...

நித்யா: எறும்பு?

சித்தப்பா: கத்தாதே!

(எறும்பு ஏற்கப்படுகிறது. புதிய கடவுச்சொல்லைச் சித்தப்பாவே தட்டுகிறார். நித்யா சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. கணக்கு திறக்கிறது. அதே நொடியில் சித்தப்பாவின் தொலைபேசி அதிர்கிறது.)

நித்யா: என்ன வந்திருக்கிறது?

சித்தப்பா: 'சற்று முன் உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது நீங்களா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

நித்யா: ஆம் என்று தட்டிவிடுங்கள்.

சித்தப்பா: இல்லை என்று தட்டிவிட்டேனே.

நித்யா: ஐயோ, சித்தப்பா! ஏன்?

சித்தப்பா: முன்பின் தெரியாதவன் வந்து 'நீங்களா?' என்று கேட்டால், நான்தான் என்று உடனே ஒப்புக்கொள்வேனா?