பையனுக்கு மலர் என்று பேர் வைத்தால் உங்களுக்கு என்னங்க?

என் தம்பி மகனுக்கு மலர் என்று பெயர் வைத்திருக்கிறோம். மலரவன் இல்லை, மலர்வண்ணன் இல்லை, மலர்மன்னனும் இல்லை. வெறும் மலர். ஆணோ பெண்ணோ இதுதான் பேர் என்று பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தம்பியும் அவன் மனைவியும் முடிவு செய்துவிட்டார்கள். அத்தை முறைக்கு அவன் காதில் மூன்று தடவை அந்தப் பேரைச் சொன்னவள் நான். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகும் ஓயவில்லை.

"பொட்டப்புள்ள பேராட்டம் இருக்குதே கண்ணு" என்று வயசான அம்மாயிகள் கேட்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படித்து, ஊர் உலகம் பார்த்து, பெண்ணுரிமை பற்றியெல்லாம் நீளநீளமாகப் பேசுகிற சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டு, "கடைசியில ஒரு 'ன்' சேர்த்திருங்க, பிரச்சினை முடிஞ்சது" என்கிறார்களே, அதுதான் ஆறவில்லை. என்ன பிரச்சினை? யாருக்குப் பிரச்சினை?

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் போன இடத்திலும் இதே பாட்டுதான். பாலினம் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து வந்த தகவலில் ஏற்கெனவே 'ஆண்' என்று பதிவாகியிருக்கிறது, அப்படியும் அந்த ஊழியர் தம்பியை மேலும் கீழும் பார்த்து "வீட்ல பெரியவங்களைக் கேட்டுட்டு வாங்க, பின்னாடி சிக்கலாயிடும்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். ஆணுக்கு இன்ன பேர்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? தம்பி விடாமல் நின்று பதிந்துவிட்டுத்தான் வந்தான். ஆனால், பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, அதற்கப்புறமும் 15 வயது வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்று இருப்பதை யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், "அவசரப்பட்டுட்டீங்களே, நல்ல பேரா யோசிச்சிருக்கலாமே" என்று அடுத்த சுற்று தொடங்கியது.

நாங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள். மலைமேல் நிற்கிற சாமியே பாதி ஆண், பாதி பெண். அர்த்தநாரி என்று பேர் வைத்த ஆண்கள் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், யாரும் முகம் சுளித்ததில்லை. உ.வே.சா.வுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த மகாவித்துவானின் பேர் மீனாட்சிசுந்தரம். எட்டயபுரத்தில் சின்ன வயசிலேயே சுப்பிரமணியனுக்குக் கொடுத்த பட்டம் பாரதி, அது சரஸ்வதியின் பேர், அதையே மீசை வைத்த ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2000 வரை முதலமைச்சராக இருந்தவர் ஜோதி பாசு. மணி, முத்து, தங்கம் எல்லாம் இரண்டு பேருக்கும் வைக்கிற பேர்தானே? இதெல்லாம் எடுத்துச் சொன்னால் "அது பழக்கம், இது புதுசு" என்கிறார்கள். பழக்கம் யாரோ ஒருத்தர் முதலில் வைத்ததால் வந்ததுதானே!

அடுத்து வருகிற அக்கறைதான் எனக்கு ரொம்பக் கோபத்தைக் கிளப்புவது. "பள்ளிக்கூடத்துல பசங்க கிண்டல் பண்ணுவாங்களே." எந்தப் பசங்க? நீங்கள் வளர்க்கிற பசங்கதான். மலர் என்றால் பெண், பெண் என்றால் மட்டம் என்று எந்தக் குழந்தையும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. அதை நீங்கள் வீட்டில் ஊட்டி அனுப்பிவிட்டு, எங்கள் பிள்ளையின் பேரை மாற்றச் சொல்கிறீர்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்று பேர் வைத்த ஊர் இது. வேண்டாம் என்றே பேர் வைத்த குடும்பங்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பேரைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும், வருகைப் பதிவேட்டில் டீச்சர் கூப்பிடும்போது அதன் மனசு என்ன பாடுபடும் என்று அப்போது இந்த அக்கறைக்காரர்களில் எத்தனை பேர் வாயைத் திறந்தார்கள்?

பெண் குழந்தையை "வாடா தங்கம், என் ராஜா" என்று கொஞ்சினால் பாசம். ஆண் பிள்ளையை "வாடி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், வீட்டில் சண்டை வரும். பெண்ணுக்கு ஆண் பேர் வைத்தால் தைரியசாலியாக வளர்க்கிறார்கள் என்று பாராட்டு, பையனுக்குப் பூவின் பேர் வைத்தால் பெற்றவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது. பெண்ணாக இருப்பது ஒரு படி கீழே இறங்குவது என்ற நினைப்புதான் இத்தனைக்கும் அடியில் கிடக்கிறது, பெண்களே இதைப் பேசும்போது எனக்கு இரட்டிப்பாக வலிக்கிறது. என்னைப் போல ஒருத்தியின் பேர் அவனுக்கு எப்படிக் கேவலமாகும்?

அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, பேர் மலர்தான். எல்லோரும் வாங்க, கிடா விருந்து இருக்கிறது, வயிறு நிறையச் சாப்பிடுங்க. ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது பேர் விஷயத்தை மறுபடி எடுத்தால், பெரியவங்க சின்னவங்க என்று பார்க்காமல் பேசிவிடுவேன்.