தப்பே செய்யாதவனுக்கு எதுக்கு குற்ற உணர்ச்சின்னு கேட்டவருக்கு

ஞாயித்துக்கிழமை என் குறும்படத் திரையிடல்ல என்ன நடந்துச்சுன்னு மூணு நாளா இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க. சுத்திட்டு இருக்கிற வீடியோவுல நான் மைக்கை வெச்சுட்டு எழுந்து போறது மட்டும்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி படம் பாத்த ஒருத்தர் என்கிட்ட கேட்டது இல்ல. அதனால அதை இங்க எழுதி வெச்சிடறேன். "உங்க ஹீரோ தப்பு எதுவும் பண்ணலையே தம்பி, அப்புறம் எதுக்கு 22 நிமிஷமும் குற்ற உணர்ச்சியில உக்காந்திருக்காரு? ஒரு ஃப்ளாஷ்பேக்ல அவர் யாரோட கையையாவது விட்ட மாதிரி காட்டியிருந்தா ஆடியன்ஸுக்கு கனெக்ட் ஆகியிருக்கும்." இதைத்தான் கேட்டார். ஹால்ல பாதிப் பேர் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. அவர் கேட்டதைவிட அந்த தலையாட்டல்தான் என்னால தாங்க முடியல.

அவர் பேரை நான் எழுதப் போறதில்ல, கமெண்ட்ல நீங்களும் எழுதாதீங்க ப்ளீஸ். சினிமா தெரிஞ்சவர், வயசுல மூத்தவர். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு அங்க பதில் சொல்ல எனக்கு வாய் வரல, இப்ப சொல்றேன்.

தப்பு எதுவும் இல்ல. அதுதான் படம். அந்த ஆள் தப்பு பண்ணியிருந்தா நான் அந்தப் படத்தையே எடுத்திருக்க மாட்டேன்.

ஒக்கி உங்க பல பேருக்கு ஒரு புயல் பேரு. 2017 நவம்பர் 30ஆம் தேதி அதுக்குப் பேரு வெச்சாங்க, வங்காளத்துல கண்ணுன்னு அர்த்தமாம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில எங்க தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் அது பேரே இல்ல, அது ஒரு தேதி. ஒக்கிக்கு முன்ன, ஒக்கிக்குப் பொறவுன்னுதான் கல்யாணம் காட்சியெல்லாம் கணக்கு சொல்லுவாங்க. கரையில எச்சரிக்கை சொன்னப்ப எங்காளுங்க ஆழ்கடலுக்குப் போயி பல நாள் ஆயிருந்துச்சு. கையில இருந்த ஒயர்லெஸ் அந்த தூரத்துக்கு எட்டாது. சில போட்டுங்க லட்சத்தீவுல போயி ஒதுங்குச்சு, சிலது மகாராஷ்டிரா, குஜராத் வரைக்கும் போச்சு, சிலது எங்கயும் ஒதுங்கல.

என் படத்துல வர்ற ஆள் கவுந்த போட்டு மேல மூணு நாள் கிடந்து உயிரோட வந்தவர். அப்படி வந்த ஒருத்தர்கிட்ட ரெண்டு வருஷம் பேசிப் பேசித்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் எட்டு மாசம் அவர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, வலை விலை, டீசல் விலை இதான் பேச்சு. பொறவு ஒரு நாள் ராத்திரி தானா ஆரம்பிச்சார். அலை பெருசா இருந்தது முதல் ராத்திரிதானாம். ரெண்டாம் நாள் கடல் அடங்கினப்பதான் ஆளுங்க போக ஆரம்பிச்சாங்களாம். தாகம் தாங்காம உப்புத்தண்ணி குடிச்சவங்களுக்கு கண்ணு முன்னாடி என்னென்னமோ தெரிய ஆரம்பிச்சிருக்கு. கூட இருந்த ஒரு பையன், "அந்தா கர தெரியுது, நான் வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டு ரோட்டுல இறங்குற மாதிரி தண்ணியில இறங்கிட்டானாம். "எனக்க கையில கயிறு கெடந்துச்சு மக்கா. அவன் இடுப்புல ஒரு சுத்து சுத்தியிருந்தா அவன் இருந்திருப்பான்"னு சொன்னார். நான் கேட்டேன், உங்களுக்கு அப்ப கை அசைஞ்சுதா அண்ணேன்னு. "அசையல்ல. ஆனா கயிறு கெடந்துச்சுல்லா"ன்னார்.

இந்த "கெடந்துச்சுல்லா"தான் என் படம். ஃப்ளாஷ்பேக்ல கையை விட்டதா காட்டச் சொல்றாரே, அப்படி கை விட்டிருந்தாக்கூட அந்த மனுஷனுக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கும், இதுக்காகத்தான் நான் அழறேன்னு அவரே புரிஞ்சுக்குவார். ஒண்ணுமே இல்லாததாலதான் அவர் தேடிக்கிட்டே இருக்கார், கயித்துல தேடுறார், முந்தின நாள் அந்தப் பையனை ஏதோ திட்டினதுல தேடுறார், கேன்ல இருந்த கடைசி மடக்கு தண்ணியை யார் குடிச்சாங்கங்கிறதுல தேடுறார். ஏழு வருஷத்துக்கு மேல தேடியும் கிடைக்கல.

படத்துல இழுவையா இருக்கு, கட் பண்ணுங்கன்னு அவர் சொன்ன அந்தக் காட்சி, பாவசங்கீர்த்தனக் காட்சி, அது நான் கற்பனை பண்ணினது இல்ல. எங்க பக்கம் கடலுக்குப் போறவங்க பெரும்பாலும் கத்தோலிக்கங்க. அந்த அண்ணன் கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கப் போயிருக்கார், கயித்து விஷயத்தைச் சொல்லியிருக்கார். சாமியார் நல்ல மனுஷன், "இது பாவம் இல்லியேப்பா, நான் எதை மன்னிக்க?"ன்னு கேட்டிருக்கார். இவர் திரும்பி வந்துட்டார். பொறவு வேற ஊர் கோயிலுக்கு பஸ் ஏறிப் போயி அங்க இருக்கிற சாமியார்கிட்டயும் இதையே சொல்லியிருக்கார். அவரும் இதான் சொல்லியிருக்கார். திருடிட்டு வந்தவனுக்கு மன்னிப்பு இருக்கு, குடிச்சிட்டு பெண்டாட்டியை அடிச்சவனுக்கு இருக்கு, இவருக்கு மட்டும் இல்ல, ஏன்னா இவர் ஒண்ணும் செய்யல. இதை 4 நிமிஷத்துல சொன்னது இழுவையா?

சரி, நான் சினிமாக்காரன், எனக்கு மனசு பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நாஜி முகாம்கள்ல இருந்து உயிரோட வந்தவங்களைப் பரிசோதிச்சு, இந்த நிலைமைக்கு ஒரு பேரு வெச்சு எழுதினவர் வில்லியம் நீடர்லாண்ட்ங்கிற மனநல மருத்துவர், 1960கள்ல. 1980ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் அவங்க கையேட்டுல, பெரிய அதிர்ச்சிக்குப் பொறவு வர்ற மன பாதிப்பை பிடிஎஸ்டின்னு முதல் தடவை சேத்தப்ப, மத்தவங்க செத்து தான் பிழைச்சதுக்காக குற்ற உணர்ச்சியா இருக்குறதையும் அதோட அறிகுறியில ஒண்ணா எழுதினாங்க. முகாம்ல இருந்து வந்தவங்க என்ன தப்பு செஞ்சாங்க? அவங்களுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் வேணுமா?

விமர்சனத்தை ஏத்துக்கத் தெரியலன்னு நேத்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏத்துக்கறேன். நடுவுல வர்ற அந்த வலை பின்னுற காட்சி நீளம்தான், எடிட்டரும் சொன்னான், குறைக்கறேன். காத்துச் சத்தம் ரெண்டு இடத்துல வசனத்தை முழுங்குது, அதுவும் உண்மை, வாடகைக்கு எடுத்த மைக், கடற்கரையில நாலு நாள் ஷூட், மூணாவது நாளே காசு முடிஞ்சு போச்சு, அக்கா வளையலை அடகு வெச்சுத்தான் நாலாவது நாள் எடுத்தோம். புயல் காட்சி ஏன் இல்லன்னு கேட்டவங்களுக்கும் இதான் பதில், ஆனா காசு இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

இன்னொரு கேள்வி, அடுத்தவன் துக்கத்தை வெச்சு ஃபெஸ்டிவல்ல பேர் வாங்கப் பாக்குறியான்னு. இது எனக்கு உறுத்துற கேள்வி, மறைக்கல. ஷூட்டிங் ரெண்டாம் நாள், எங்க நடிகர் சாரம் கட்டிட்டு கரையில உக்காந்திருந்தார், ஷாட்டுக்கு லைட் வரட்டும்னு காத்திருந்தோம். ஒரு அம்மச்சி வந்து அவர் முகத்தையே உத்துப் பாத்துட்டு, "நீ எந்த போட்டுல போனவன் மக்களே?"ன்னு கேட்டாங்க. இவருக்கு என்ன சொல்லன்னு தெரியல. நான் ஓடிப்போயி, அம்மச்சி இது படம் எடுக்கோம்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அன்னைக்கு அப்புறம் ஒரு ஷாட்டும் எடுக்கல. பேக்கப் பண்ணிட்டு ராத்திரி பூரா, இதை எடுக்கணுமா வேண்டாமான்னு நானும் கேமராமேனும் பேசிட்டே இருந்தோம். மறுநாள் எடுத்தோம். சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்கு உறுதியா சொல்லத் தெரியாது. ஆனா இந்தக் கேள்வியை அந்த அம்மச்சி கேட்டா தலை குனிஞ்சு நிப்பேன், நீங்க ஏசி ஹால்ல உக்காந்து கேட்டா எனக்குக் கோவம்தான் வருது.

"எனக்கு என்ன தெரியும்"னு மேல எழுதினேன்ல, அதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை மைக்ல சொல்லியிருக்கணும், வரல.

2017 நவம்பர்ல நான் காலேஜ் கடைசி வருஷம். டெங்கு. பிளேட்லெட் இறங்கிட்டே போச்சு, நாகர்கோவில்ல அட்மிட் பண்ணிட்டாங்க. அப்பா அந்த வாரம் கொச்சிக்குப் போயி போட்டு ஏற வேண்டியவர், தங்கலுக்கு, அதாவது கடல்லயே தங்கி மீன் பிடிக்க, திரும்பி வர ஒரு மாசம் ஆகும். என்னை விட்டுட்டுப் போக மனசு வராம அப்பா நின்னுட்டார். ஆள் குறையுதுன்னு எங்க தெருவுலயே இன்னொருத்தர் ஏறினார். எனக்கு மாமா முறை. போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பாத்துட்டு ஒரு ஆரஞ்சுப் பை குடுத்துட்டுப் போனார். அந்த போட்டு திரும்பி வரல.

முதல்ல வந்த காணாமப் போனவங்க லிஸ்டுல எங்க அப்பா பேருதான் இருந்துச்சு, ஓனர் கையில இருந்தது பழைய லிஸ்டு. துக்கம் கேக்க வந்தவங்களுக்கு அப்பாதான் கதவைத் தொறந்தார். டிசம்பர் 7ஆம் தேதி, கடல்ல போயி தேடுங்கன்னு கேட்டு ஊரு ஊரா நடந்துபோயி குழித்துறை ரயில்வே ஸ்டேஷன் தண்டவாளத்துல உக்காந்தாங்க, எங்க அம்மா போனாங்க, அக்கா போனா, அப்பா போகல. எந்த மூஞ்சியோட போகன்னு கேட்டார். பொறவு, உடம்பு கிடைக்கலன்னா 7 வருஷம் காத்திருக்கணும்ங்கிற சட்டத்தைத் தளர்த்தி 20 லட்சம் குடுக்கிறதா ஆச்சு. மாமா அந்த போட்டுலதான் இருந்தார்னு யாராவது எழுதிக் குடுக்கணும். அப்பாதான் எழுதிக் குடுத்தார். "எனக்குப் பதிலாக இவர் போனார்"னு சொந்தக் கையெழுத்துல எழுதி கீழ ஒப்பு வெச்சார். அந்தப் பேப்பரோட ஜெராக்ஸ் எங்க வீட்டு பீரோவுல இருக்கு, நான் பாத்திருக்கேன்.

சொல்லுங்க. இதுல தப்பு எங்க இருக்கு? எனக்கு காய்ச்சல் வந்தது தப்பா? அப்பா நின்னது தப்பா? கொசு கடிச்சதை ஃப்ளாஷ்பேக்ல வெச்சா உங்களுக்கு கனெக்ட் ஆகுமா?

துக்கம் கேக்க வந்த எல்லாரும் ஒண்ணு சொன்னாங்க, "கடவுள் உன்னைக் காப்பாத்திட்டாரு". நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா அந்த வார்த்தையை தெருவோட கடைசியில இருக்கிற மாமா வீட்டுல உக்காந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்ப எனக்க ஆளை? மாமி அப்படிக் கேக்கல, அப்பா காதுல அது கேட்டுட்டே இருக்கு. அப்பா அதுக்கப்புறம் தங்கலுக்குப் போகல, கரையில வலை வேலைதான். கோயிலுக்குப் போகணும்னா மாமா வீட்டைத் தாண்டித்தான் போகணும். அப்பா அந்த வழியில போக மாட்டார், பின்னாடி மணல் வழியா, தென்னந்தோப்பைச் சுத்திப் போவார். முட்டு தேஞ்சு போச்சு, டாக்டர் மணல்ல நடக்காதீங்கன்னு சொல்லியிருக்கார். ஞாயிறு தோறும் அதே வழிதான். நானும் ஊருக்குப் போனா அப்பா கூட அதே வழியிலதான் போவேன், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டது இல்ல.

நம்பிக்கையோட முடிச்சிருக்கலாம்னும் ஒருத்தர் சொன்னார், ஹீரோ மறுபடி கடலுக்குப் போற மாதிரி, சூரியன் உதிக்கிற மாதிரி. என்னால முடியாது. எங்க வீட்டுல அப்படி நடக்கல. நடந்திருந்தா எடுத்திருப்பேன், சந்தோஷமா எடுத்திருப்பேன்.

ஃப்ளாஷ்பேக் சேக்க மாட்டேன், அந்தப் பாவசங்கீர்த்தனக் காட்சியில ஒரு ஃப்ரேம்கூட வெட்ட மாட்டேன். அடுத்த மாசம் எங்க ஊர் கோயில் ஹால்ல போடறோம், டிக்கெட் எல்லாம் கிடையாது, யார் வேணும்னாலும் வரலாம். போடறதுக்கு முன்னாடி மாமி வீட்டுக்குப் போயி அனுமதி கேட்டேன், ஒக்கிக்குப் பொறவு அந்த வாசல்படியை நான் மிதிச்சது அன்னைக்குத்தான். கதையை முழுசா சொன்னேன். மாமி கேட்டுட்டே மீன் ஆஞ்சிட்டு இருந்தாங்க. போடு, எனக்கென்னன்னாங்க. நான் கிளம்பும்போது கையைக் கழுவிட்டு வாசல் வரைக்கும் வந்தாங்க.

"ஒனக்க அப்பாட்ட சொல்லு. அந்த மணல்ல சுத்திப் போவ வேண்டாம், முட்டு போயிரும். எத்தன வருசமா நானும் அடுக்களை சன்னல் வழியா பாத்துட்டு இருக்கேன்."

நான் இன்னும் அப்பாகிட்ட சொல்லல.