பயிர் மாநாட்டில் யாருக்கு நாற்காலி?

போன வாரம் கோவையில் ஒரு பயிர் அறிவியல் கருத்தரங்குக்கான ஏற்பாட்டுக் குழுக் கூட்டம். அடுத்த வருடம் நடக்கப்போகும் கருத்தரங்கு. என்னையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். பேச்சாளர் பட்டியல், ஓட்டல், மேடைக்குப் பின்னால் கட்டும் பேனர் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். ஆசைப்பட்டும் வர முடியாமல் போகிறவர்கள் யார் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா ராசிபுரம் பக்கம் விதைப்பருத்திக் காடுகளில் கிராஸிங் வேலைக்கு, அதாவது ஒரு ரகப் பூவின் மகரந்தத்தை இன்னொரு ரகப் பூவில் கையால் சேர்க்கும் வேலைக்குப் போனவர். வீரிய ஒட்டு விதை எப்படி உண்டாகிறது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதற்குப் பல வருடம் முன்னாலேயே அம்மா கையில் அதைப் பார்த்துவிட்டேன். மறுநாள் விரியப்போகிற மொட்டைச் சாயங்காலமே அடையாளம் கண்டுகொள்வார். கட்டைவிரல் நகத்தை மொட்டின் அடியில் பதித்து ஒரு திருகு. இதழும் மகரந்தப் பைகளும் சேர்ந்தாற்போல் கழன்று வரும். உள்ளே சூல்தண்டு கீறல்படாமல் நிற்கும். அதன்மேல் சிவப்புக் காகித உறை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆண் செடிப் பூவைப் பறித்து வந்து, உறையை எடுத்துவிட்டு, சூல்முடி முழுக்க மகரந்தம் படும்படி தடவுவார். ஒரு ஆண் பூ நாலைந்து பெண் பூவுக்குக் காணும். நகம் கொஞ்சம் ஆழமாகப் போனால் பிஞ்சு நிற்காது. "பூவுக்கு வலிக்காமத் தொடோணும் கண்ணு" என்பார்.

முதன்முதலாக நான் போன பெரிய மாநாட்டில் பருத்தி விதை உற்பத்தி பற்றி ஓர் உரை. "கூலிச் செலவு" என்ற தலைப்பின் கீழ் ஒரு படம் காட்டினார்கள். பருத்திச் செடியின் மேல் ஒரு பெண்ணின் கை. முகம் கிடையாது. கட்டைவிரல் நகம் தேய்ந்து கறுத்திருந்தது. அந்த நகத்தை எனக்குத் தெரியும். அம்மாவுடையது இல்லைதான், ஆனாலும் அப்புறம் அந்த உரையில் ஒரு வரி காதில் ஏறவில்லை.

அந்த மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் என் மாத உதவித்தொகையில் பாதிக்கு மேல். தேர்வானவர்களுக்குத் திருப்பித் தருவோம் என்றிருந்தார்கள், திரும்பி வர ஐந்து மாதமானது. கையில் காசு இருக்கிற பிள்ளைக்குத்தான் திருப்பித் தரும் பணம் உதவி. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு முன்னாடியே கொடுத்தாக வேண்டும், அல்லது கட்டணமே கேட்கக் கூடாது. தர்மபுரியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் கிளம்பி வரும் மாணவிக்கு, அவிநாசி ரோட்டு ஓட்டலில் ராத்திரி ஒன்பது மணிக்கு விருந்து வைத்து, முக்கியமான அறிமுகமெல்லாம் அங்கேதான் என்றால், அவள் கடைசி பஸ்ஸைப் பார்ப்பாளா, பேராசிரியரைப் பார்ப்பாளா?

சாப்பாட்டு வரிசையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தட்டோடு நின்ற என்னிடம் மூத்தவர் ஒருவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "ஊரு எதுங்கம்மிணி?" சொன்னேன். "அங்க யாரு ஊடு?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, அக்கட்டயா?" நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த மூன்றாவது கேள்வி எதை விசாரிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. பதில் சொல்லாமல் தயிர்சாதம் வைத்திருந்த பக்கம் நகர்ந்துவிட்டேன். மாநாட்டு நடத்தை விதி என்று இரண்டு பக்கம் அச்சடித்துத் தருகிறார்கள். சாதி விசாரிப்பது தப்பு என்று அதில் ஒரு வரி தமிழில் எழுதுங்கள். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு போன் நம்பரும் போடுங்கள்.

கோயம்புத்தூருக்கு இது புதுசும் இல்லை. 1912ல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில்தான் 1930களில் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் வேலை பார்த்தார். தலச்சேரிக்காரர், 1931ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலப்பினம் செய்து பார்த்த கை அது. கல்யாணம் செய்துகொள்ளாத பெண், பிற்படுத்தப்பட்ட சாதி என்ற இரண்டும் சேர்ந்து உடன் வேலை செய்தவர்களிடையே அவரைத் தனியாக நிறுத்தின. பிறகு அவர் இங்கிலாந்து போய்விட்டார். 1955ல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றியிருக்கிறான் என்று பேசக் கூடிய சர்வதேசக் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். அந்த ஒரே நாற்காலியை நாம் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் வருத்தம்தான் மேலே வருகிறது.

குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு மாநாட்டுக்குப் போனேன், அம்மாவும் கூட வந்தார். பால் கொடுக்க இடம் கேட்டதற்கு பேனரும் உடைந்த நாற்காலியும் போட்டுவைத்த அறையைத் திறந்துவிட்டார்கள். தாழ்ப்பாள் இல்லை. அம்மா கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். நடுவர்கள் என் ஆராய்ச்சியை விளக்கும் போஸ்டருக்கு வந்தபோது நான் அங்கே இல்லை, "ஆள் இல்லை" என்று குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு அறை, ஒரு தாழ்ப்பாள், ஒரு ஃபேன். பேனருக்கு ஆகும் செலவுகூட ஆகாது. அதே மாநாட்டில் ஊன்றுகோலோடு வந்த நண்பர், மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் கீழே நின்றே பேசினார். பின்வரிசைக்கு அவர் தலைகூடத் தெரியவில்லை.

இப்படியெல்லாம் பேசினால் உடனே "தரம் குறைஞ்சுரும்" என்பார்கள். இந்த வாதத்தை நான் துளியும் ஏற்கவில்லை. தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நூறு வயசு தாண்டியும் காட்டில் இறங்கி வேலை செய்தவர், வேளாண் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவில் இருந்தவர், 2021ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவரைப் போன்றவர்கள் பேசினால் தரம் எங்கே குறையும்? ஆனால் விவசாயிகளை நாம் கூப்பிடுகிற விதம் வேறு. ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ, ஒரு சாப்பாட்டு டோக்கன். மத்தியானம் அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அவர்கள் பயிரைப் பற்றிய அமர்வே தொடங்கும். விஞ்ஞானிக்குக் கொடுக்கும் அதே பேட்ஜ், அதே மதிப்பூதியம், அதே அமர்வில் இருபது நிமிடம் கொடுங்கள்.

மாற்ற முடியாதது ஒன்றும் இல்லை. 2024ல் மாட்ரிட்டில் சர்வதேசத் தாவரவியல் மாநாட்டையொட்டிக் கூடியவர்கள் ஓட்டுப் போட்டு, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் "காஃப்ரா" என்ற சொல்லை இருநூறுக்கும் மேற்பட்ட தாவர, பூஞ்சை, பாசி இனங்களின் அறிவியல் பெயர்களிலிருந்து எடுத்தார்கள். அத்தனை பெயரை மாற்ற முடியுமென்றால், நம் அரங்கில் தமிழில் கேள்வி கேட்க விடுவது பெரிய காரியமா?

அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. மஞ்சள் பற்றிய அமர்வு அது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து மாணவி ஒருத்தி மைக்கை வாங்கி, "ஐயா, கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டப்புறம் எங்க வயல்ல கிழங்கு அழுகல் எச்சா வருதுங்க. நோய் விதைக் கிழங்கோட வருதுங்களா, தண்ணியோட வருதுங்களா?" என்றாள். அன்று முழுக்க நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது அதுதான். ஆங்கிலத்தில் கேளுங்கள் என்றார் அமர்வுத் தலைவர். மேடையில் இருந்த ஐந்து பேரில் நாலு பேருக்குத் தாய்மொழி தமிழ். அவள் மைக்கைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டீ இடைவேளையில் தேடினேன், போய்விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் குழுக் கூட்டம். இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். கிராஸிங் வேலை தெரிந்த ஒருவரைப் பருத்தி அமர்வில் பேசக் கூப்பிட வேண்டும் என்பது அதில் முதலாவது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "நான் என்னத்தப் பேசறது கண்ணு" என்றவர், கொஞ்சம் நேரம் கழித்து, "செடி ஒண்ணு வேணும், மொட்டோட" என்றார்.

கோபிக்கார அம்முணி, இது உன் கண்ணில் படுமா தெரியவில்லை. உன் கேள்விக்குப் பதில், இரண்டும்தான். அழுகலை உண்டாக்கும் பித்தியம் பூஞ்சாணம் விதைக் கிழங்கிலும் ஒட்டி வரும், மண்ணிலும் கிடக்கும். தண்ணீர் தேங்கினால் அதன் வித்துகள் நீந்திப் போய் அடுத்த செடியைப் பிடிக்கும். நோய் இல்லாத வயலில் இருந்து விதைக் கிழங்கு எடுங்கள், மேட்டுப்பாத்தி போடுங்கள், வடிகாலை ஆழப்படுத்துங்கள். எந்த மடைப் பக்கம் முதலில் இலை மஞ்சளித்தது என்று அப்பாவைக் கேட்டுக் குறித்து வை. அடுத்த வருடம் அதை எடுத்துக்கொண்டு வா.