திருகோணமலைக்கு ஒரே வெட்டுப்புள்ளிதான்

பலரும் பகிரும் ஒரு செய்தி இப்படிச் சொல்கிறது: பல்கலைக்கழக அனுமதிக்கு எங்கள் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்களுக்கு வெவ்வேறு வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி.

அப்படி இல்லை. ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், இனத்துக்கு அல்ல. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும் நிரப்பப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அதில் ஒன்று. சம்பூரின் தமிழ் மாணவன், கிண்ணியாவின் முஸ்லிம் மாணவி, கந்தளாயின் சிங்கள மாணவன் மூவரும் ஒரே கற்கைநெறிக்கு விண்ணப்பித்தால் மூவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான்.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில், படிக்கும் மொழியை வைத்து வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தது உண்மை. இந்தக் கதை அதிலிருந்து கிளம்பியிருக்கலாம். இன்றைய முறை அது இல்லை.

என்னை நம்பத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிய அளவு) அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் கற்கைநெறிகள், மறுபக்கம் மாவட்டங்கள். திருகோணமலைக்கு ஒரு கட்டம் மட்டும். இனத்துக்கென்று எந்தக் கட்டமும் இராது. வீதக் கணக்கு அனுமதிக் கைந்நூலில் தமிழிலேயே இருக்கிறது.

நகரப் பாடசாலைக்கும் வெருகல் போன்ற கிராமப் பாடசாலைக்கும் ஒரே அளவுகோல் நியாயமா என்று கேட்டால், சரி, அது நல்ல கேள்வி. தனியாகப் பேசுவோம். ஆனால் பகிர்ந்த செய்தி அதைச் சொல்லவில்லையே.