டபிள்யூ-எரரை வெளியீட்டில் ஒட்டி அனுப்பும் புண்ணியவான்களுக்கு

நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை மட்டும்தான் புதுப்பித்தேன். அதுவரை ஒழுங்காக பில்ட் ஆகிக்கொண்டிருந்த ஒரு லைப்ரரி பாதியிலேயே விழுந்துவிட்டது. பில்டுக்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் திறந்தால், யாரோ டபிள்யூ-எரர் (-Werror) என்ற கம்பைலர் விருப்பத்தை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார். எந்த எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்து என்று கட்டளை!

உம்முடைய கணினியில், உம்மிடமிருந்த பதிப்பில் எச்சரிக்கையே வரவில்லை, சரி, சந்தோஷம். ஆனால் ஜிசிசி கம்பைலர் பதிப்புக்குப் பதிப்பு புது எச்சரிக்கைகளைச் சேர்க்கும் என்பது தெரியாதா? சி மொழியின் ஸ்விட்சுக்குள் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்கு நழுவுவதை, 2017இல் வந்த ஜிசிசி 7தான் கூடுதல் எச்சரிக்கைகளின் தொகுப்பான டபிள்யூ-எக்ஸ்ட்ராவில் சேர்த்தது. அதற்கு முன்பே வெளியான நிரல் ஜோசியம் பார்த்தா அதைத் தவிர்த்திருக்கும்?

இதைவிடக் கொடுமை, கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் சோதனைகள் தொடங்குமுன்பே டபிள்யூ-எரரைச் சேர்ப்பது. ஒரு செயற்கூறு இருக்கிறதா என்று பார்க்க, ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கிய அந்த ஸ்கிரிப்ட் அதைப் பொய்யான வடிவில் அறிவித்து ஒரு குட்டி நிரலை கம்பைல் செய்யும். நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறை அப்படி அறிவித்தால், எனக்குத் தெரிந்த வடிவம் இதுவல்லவே என்று கம்பைலர் எச்சரிக்கும். எச்சரிக்கை பிழையாகும், சோதனை தோற்கும். திரையில் வருவது: மெம்காப்பி இருக்கிறதா? இல்லை. லினக்ஸில் மெம்காப்பி இல்லையாம்! சோதனைகளின் பதிவான கான்ஃபிக் லாகைத் தோண்டிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

கம்பைலருக்கான விருப்பங்களைத் தாங்கும் சிஃபிளாக்ஸ் (CFLAGS) என்ற மாறி பில்ட் செய்கிறவனுக்கு உரியது. குனு திட்டத்தின் நிரலாக்க விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. பில்ட் விதிகளை உருவாக்கித் தரும் ஆட்டோமேக்கில் உமக்கென்று ஏஎம்-சிஃபிளாக்ஸ் தனியாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் கொடுத்ததை அழித்து வேகத்துக்கான ஓ-3 விருப்பத்தை எழுத உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கூடவே, பில்ட் செய்யும் கணினியின் செயலிக்கென்றே நிரலை ஆக்கும் மார்ச்-நேட்டிவ் வேறு! புதிய கணினியில் பில்ட் செய்ததைப் பழைய சர்வரில் ஓட்டினால், செல்லாத கட்டளை என்று அந்த இடத்திலேயே உயிரை விடுகிறது.

ஜிசிசியைப் பாரும். வளர்ச்சிக் கிளையில் டபிள்யூ-எரரைப் போட்டுத் தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும், வெளியீட்டில் அணைத்துவிடும். கம்பைலர் எழுதுகிறவர்களுக்கே இல்லாத தன்னம்பிக்கை உமக்கு எங்கிருந்து வந்தது? வேண்டுமானால் எனேபிள்-வெரர் என்று ஒரு விருப்பத்தேர்வை வையும். உம்முடைய சோதனைச் சர்வரில் அதை இயக்கிக்கொள்ளும். என் சிஃபிளாக்ஸை விட்டுத் தொலையும்.