கணக்கு ஏற்கெனவே போட்டாச்சு

ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களுக்கு விற்ற அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு நஷ்ட ஈடு வேண்டும் என்று கரீபியன் நாடுகள் வாயைத் திறந்தால் போதும், உடனே ஒரு கேள்வி வந்து விழும். "இருநூறு வருஷம் ஆச்சு. யாருக்கு யார் கொடுக்கிறது? தலைக்கு இவ்வளவுன்னு எப்படிக் கணக்குப் போடுவீங்க?"

கணக்கு போட்டாச்சு சார். தலைக்கு இவ்வளவு என்று, ஆளை வகை பிரித்து, மதிப்பீட்டாளர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்கி, எதிர்மனுக்களை விசாரித்து, 1830-களிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் போட்டு முடித்துவிட்டது. பணமும் பட்டுவாடா ஆனது. வாங்கிக்கொண்டவர்கள் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள்.

மொத்த வணிகத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 350 ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சப் பேர் கடலிலேயே போனார்கள். பிரிட்டன் இந்த வணிகத்தை 1807-ல் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே தோட்டங்களில் இருந்தவர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். அவர்களை விடுவிக்கும் சட்டம் வர 1833 ஆனது. அமலுக்கு வந்த நாள் 1834 ஆகஸ்ட் 1.

அந்தச் சட்டத்தில் முதலாளிகளுக்கு இழப்பீடாக ஒதுக்கிய தொகை 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். கையில் அவ்வளவு ரொக்கம் ஏது? 1835-ல் நேதன் ராத்ஸ்சைல்டு, மோசஸ் மான்டிஃபியோரி தலைமையிலான வங்கியாளர்களிடம் ஒன்றரைக் கோடி கடன் வாங்கினார்கள். மீதிக்கு அரசுப் பத்திரம்.

பங்கு பிரித்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1830 டிசம்பரோடு முடிந்த எட்டு ஆண்டுகளில் ஒவ்வொரு காலனியிலும் அடிமைகள் என்ன விலைக்குக் கைமாறினார்கள் என்று சராசரி எடுத்தார்கள். அதை அந்தக் காலனியின் அடிமைகள் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். எண்ணிக்கைக்குப் பதிவேடு தயாராக இருந்தது. பல காலனிகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா அங்கேயே பிறந்தவரா என்று எழுதி வைத்திருந்தார்கள். 19 காலனிகளுக்கும் சேர்த்து மதிப்பு சுமார் நாலரைக் கோடி பவுண்டு வந்தது. ஒதுக்கியது இரண்டு கோடிதான் என்பதால் விகிதாசாரப்படி எல்லோருக்கும் வெட்டு. சராசரியாக ஜமைக்காவில் தலைக்குச் சுமார் 20 பவுண்டு. தென் அமெரிக்கக் கரையிலிருந்த பிரிட்டிஷ் கயானாவில் 50-க்கும் மேல். கயானாவில் மண் புதுசு, கரும்பு நன்றாக வந்தது, ஆள் பற்றாக்குறை. ஜமைக்காவில் பழைய தோட்டங்கள், களைத்த நிலம். விலையை நிர்ணயித்தது இதுதான்.

காலனிக்குள் அடுத்த வகைப்பாடு: மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், வயல் கூலி, இரண்டாந்தர வயல் கூலி, துறைமுக வேலைக்காரர், வீட்டு வேலைக்காரர். கடைசியில் இரண்டு வகை. ஒன்று, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். இன்னொன்று, முதியவர், நோயாளி, வேலைக்கு ஆகாதவர். சட்டப்படி ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அன்றைக்கே சுதந்திரம் பெற்றுவிடும். ஆனாலும் அந்தக் குழந்தைக்கும் ஒரு விலை போட்டு முதலாளிக்குக் கொடுத்தார்கள்.

இழப்பீட்டு ஆணையத்துக்கு வந்த மனுக்கள் 40,000-க்கும் அதிகம். தோட்டத்தை அடமானம் பிடித்தவர், உயில் மூலம் பங்கு உள்ளவர், வருடாந்தரத் தொகைக்கு உரிமை கோரியவர் என்று ஆளாளுக்கு எதிர்மனு போட்டார்கள். மனுதாரர்கள் எல்லோரும் பெரிய பண்ணையார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரிரு அடிமைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும் பாதிரியார்களும் பட்டியலில் உண்டு. ஆனால் பணத்தில் ஏறக்குறைய பாதி, பிரிட்டனிலேயே வசித்த சுமார் 3,000 பேருக்குப் போனது. அவர்களில் பலர் அந்தக் கரும்பு வயலைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு என்ன கிடைத்தது? ஒரு பென்னி கூட இல்லை. அதற்குப் பதில் 'பயிற்சிக் காலம்' என்று ஒன்று கிடைத்தது. வயல் வேலைக்காரர்கள் இன்னும் ஆறு வருடம், மற்றவர்கள் நாலு வருடம், அதே முதலாளியிடம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். வயல் வேலைக்காரர்களுக்கு வாரம் 45 மணி நேரம் வரை.

ஜமைக்காவில் இது வாரத்துக்கு நாற்பதரை மணி. ஒரு நாளைக்கு ஒன்பது மணி வேலை செய்தால் வெள்ளி மதியத்தோடு கணக்கு முடிந்துவிடும். மீதி நேரத்தில் தன் கொல்லையில் கிழங்கு தோண்டி சனிக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோகலாம். குடும்பத்துக்குக் கையில் காசு வந்த வழி அதுதான். பல முதலாளிகள் என்ன செய்தார்கள்? தினம் எட்டு மணி என்று மாற்றினார்கள். மொத்த மணிக்கணக்கு அப்படியே, சட்டமும் மீறப்படவில்லை. ஆனால் வெள்ளி மதியம் காணாமல் போனது. கூடவே வழக்கமாகக் கொடுத்துவந்த உப்புமீனையும் பலர் நிறுத்தினார்கள். சட்டத்தில் எழுதவில்லையே என்று பதில். சவுக்கு முதலாளி கையிலிருந்து மாஜிஸ்திரேட் உத்தரவுக்குப் போனது. வேலை செய்ய மறுத்தவர்களைச் சிறையில் டிரெட்மில் உருளையில் ஏற்றி மிதிக்க வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்து, இந்த ஏற்பாடு 1838 ஆகஸ்ட் 1-ல் முன்கூட்டியே முடிந்தது.

அதன் பிறகும் நிலம் இல்லை. கயானாவில் 1839-ல் 83 பேர் சேர்ந்து, சேமித்த காசைப் போட்டு, கைவிடப்பட்ட நார்த்புரூக் தோட்டத்தை 30,000 கில்டருக்கு (டச்சு நாணயம்) வாங்கினார்கள். அதுதான் விக்டோரியா கிராமம். முதலாளிக்கு அரசு கொடுத்தது. உழைத்தவன் தன் காசில் வாங்கினான்.

இங்கேதான் இந்தியா உள்ளே வருகிறது. கயானாத் தோட்ட முதலாளிகளில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,508 அடிமைகளுக்காக அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல். அவரே 1836-ல் கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதி ஒப்பந்தக் கூலிகள் கேட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் முதல் 396 பேர் கயானாவில் இறங்கினார்கள். சவுக்கடிப் புகார்கள் கிளம்பி ஆளனுப்புவது சில வருடம் நின்றது. 1845-ல் மறுபடி தொடங்கியபோது சென்னையிலிருந்தும் கப்பல் போனது. இன்றும் கயானாவில் 'மதராசி' என்ற பெயரும் மாரியம்மன் வழிபாடும் இருப்பது அந்த வழியில்தான்.

இன்னொன்றும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். 1833 சட்டத்தின் 64-வது பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இது பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னது. நம் ஊர் வயல்களில் பண்ணையடிமைகளாக இருந்த தலித் மக்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. இந்தியாவுக்கு 1843-ல்தான் சட்டம் வந்தது. அதுவும் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற அளவில்தான். பிரிட்டனின் பெருந்தன்மையைப் புகழ்கிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்கலாம்.

பிரான்ஸ் இதைவிட ஒரு படி மேலே போனது. தன் காலனியாக இருந்து, தானே போராடி 1804-ல் விடுதலை பெற்ற ஹெய்ட்டியிடம், 1825-ல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் கேட்டது. இழந்த தோட்டங்களுக்காம். முதல் தவணை மூன்று கோடிக்கு ஹெய்ட்டி பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்கியது. கமிஷன் போகக் கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம். பிறகு மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் இதையொட்டி வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய காப்பி ஏற்றுமதி வரி எங்கே போனது என்று கேட்காமல், "அவங்களுக்கு ஆளத் தெரியல" என்று சொல்வது சோம்பேறித்தனம்.

பிரிட்டன் வாங்கிய கடனும் பழைய அரசுப் பத்திரங்களோடு கலந்து, 2015-ல்தான் முழுசாக அடைந்தது. 2018-ல் அந்நாட்டு நிதித்துறை இதை ட்விட்டரில் பெருமையாகப் போட்டது, உங்கள் வரிப்பணம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியது என்று. (வணிகத்தை 1807-லேயே பிரிட்டன் தடை செய்துவிட்டது என்பது கூட அவர்களுக்கு நினைவில்லை.) ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டியவர்களும் நர்ஸ் வேலை பார்த்தவர்களும் கட்டிய வரியும் அதில் சேர்த்தி. எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கிவிட்டார்கள்.

கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் 2014-ல் பத்து அம்சத் திட்டம் ஒன்றை வைத்தது. முறையான மன்னிப்பு, கடன் தள்ளுபடி, பொது சுகாதாரம், எழுத்தறிவு, தொழில்நுட்பம் என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு காசோலை கேட்கவில்லை. என் பார்வையில் கடன் தள்ளுபடிதான் முதலில் நடக்க வேண்டியது. அதற்கு வம்சாவளி தேட வேண்டாம், மரபணுப் பரிசோதனை வேண்டாம், ஒரு அரசு இன்னொரு அரசோடு கையெழுத்துப் போட்டால் போதும். வாரிசு யார் என்று கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, பணம் வாங்கியவர்களின் பெயர், தொகை, காலனி எல்லாவற்றையும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. குடும்பப் பெயரைத் தட்டினால் வரும்.